தேய்ந்த மூன்று எழுத்துகள்

ஃபைல் வந்துவிட்டது. எழுத்து வரவில்லை. நடந்தது அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததைப் பென் டிரைவில் ஏற்றிப் புதியதில் இறக்கினேன், நானே செய்தேன், யாரையும் கூப்பிடவில்லை. பென்ஷன் உத்தரவு திறக்கிறது. ஆதார் திறக்கிறது. மகள் மங்கையின் கல்யாணப் படம் நானூற்றுச் சொச்சம், பாதியில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன், அதுவும் திறக்கிறது. 'வீடு' என்று பேர் போட்ட ஒரு ஃபைல் மட்டும் திறந்தால் திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து. இங்கிலீஷாக இருந்தால் படித்துவிடுவேன். இது இங்கிலீஷும் இல்லை. டி, எம், கியூ, ஒரு அடைப்புக்குறி, தலையில் கோடு விழுந்த ஏ, வால் முளைத்த சி. நாற்பத்தோரு பக்கம் இப்படி. காலை பத்து மணிக்குத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவன் நான் இல்லை, ஆனாலும் நாலு தடவை செய்தேன். சரி, போகட்டும், பழைய ஃபைல்தானே என்று விட்டிருப்பேன். தேதியைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். பழைய கம்ப்யூட்டரில் ஃபைல்கள் கட்டம் கட்டமாகப் படமாகத் தெரியும், தேதி தெரியாது. இதில் வரிசையாக வருகிறது, பேர், பக்கத்தில் கடைசியாக மாற்றிய நாள். 'வீடு' ஃபைல் நாங்கள் பயன்படுத்தி முடித்து ஒன்பது வருடம் ஆன பிறகு ஒரு புதன்கிழமை மாற்றப்பட்டிருக்கிறது. எனக்கு அந்தப் புதன் தெரியும். மறுநாள் வியாழன் காலை ஆறரைக்கு என் மனைவி செண்பகத்தைக் காரில் ஏற்றி மதுரைக்கு நெஞ்சு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது வேறு வண்டி. இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் காரில், திருமங்கலம் தாண்டினதும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள், "கம்ப்யூட்டரைத் தொறந்தீங்களா?" நான் சொன்னேன், "இப்ப அதுக்கு என்ன அவசரம்?" கொஞ்சம் கழித்து, "தூசி தட்டி வைங்க" என்றாள். நானும் தூசிதான் தட்டினேன். இரண்டு வருடமாக, வாரா வாரம், மஞ்சள் துணியால்.

கம்ப்யூட்டரைத் தொறந்தீங்களா. இப்ப அதுக்கு என்ன அவசரம். இந்த இரண்டு வரியும் இன்று காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருக்கின்றன. அப்போது கேட்காமல் போய்விட்டேன், எதற்குக் கேட்கிறாய் என்று. ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது, டிரைவர் வேகமாகப் போனான், அவனைத் திட்டுவதில் இருந்தேன். திட்டுவது எனக்குத் தொழில். முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்த வேண்டும், குறை இருந்தால் கேஸ் எழுத வேண்டும். எழுதினேன். தெரிந்தவன் தெரியாதவன் பார்த்ததில்லை. செண்பகத்தின் அண்ணன் சங்கரலிங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பலசரக்குக் கடை வைத்திருந்தான். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம், நான் ஜீப்பில் போய் இறங்கினேன். "வாங்க மச்சான், காப்பி சொல்லட்டா?" என்றான். நான் சரக்குத் தட்டைத் தூக்கித் திருப்பினேன். அடியில் புளி. உருட்டி, தட்டி, காயவைத்து ஒட்டின புளி, முப்பது கிராம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என் கையைப் பிடித்தான். பிடித்த கையோடு கேஸ் எழுதினேன், எழுத்து கோணலாகப் போனது, அடித்துத் திருத்தி எழுதினேன். வீட்டுக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. செண்பகம் அடுப்படியிலிருந்து வெளியே வராமல் சொன்னாள், "ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்ல." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினொரு மாதம் பேசவில்லை. நான் பேசினேனா? நானும் பேசவில்லை. நான் எதற்குப் பேச வேண்டும்? குறை என் தட்டிலா இருந்தது? இப்படித்தான் அப்போது நினைத்தேன். இப்போதும் அதே வாக்கியம் வாயில் வருகிறது பார், தேய்ந்த டேப் மாதிரி.

பேசாமல் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. கேஸ் சிலிண்டர் வரும், மகள் போன் பண்ணுவாள், தண்ணீர் நாள்விட்டு நாள் வரும். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ கம்ப்யூட்டரை முடுக்கினேன், திரையில் ஒரு ஃபைல் திறந்தே கிடந்தது. 'சாம்பார் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளவும்.' செண்பகம் பத்தொன்பது வருடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் டி.டி.பி. ஆபரேட்டர், இந்த ஊரில் அந்த வேலைக்கு அவளைப் போல வேகம் கிடையாது என்பார்கள், விரல் தெரியாது. வாயை மூடிக்கொண்டு விரலால் பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் 'வும்'மில் முடியும். கரண்ட் பில் கட்டவும். வெளிக்கதவு தாழ் போடவும். அலுவலகச் சுற்றறிக்கை தோற்றது. நான் அதற்குக் கீழே இங்கிலீஷில் ஓகே என்று அடித்தேன். மறுநாள், 'தமிழில் எழுதவும்.' எனக்கு எந்தப் பட்டனில் எந்தத் தமிழ் எழுத்து என்று எப்படித் தெரியும்? பதில் எழுதாமல் இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் காலை பார்த்தால் கீபோர்டு முழுக்க ஸ்டிக்கர். பிரஸ்ஸில் மிச்சம் விழுகிற ஸ்டிக்கர் தாளில் எழுத்துகளை அச்சடித்து, கத்தரியால் பொட்டுப் பொட்டாக வெட்டி, ஒவ்வொரு பட்டனிலும் இங்கிலீஷ் எழுத்தை மறைக்காமல் ஒட்டியிருந்தாள். ஓரம் கூட வளையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாளா என்றால் இல்லை, பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தேன். சரி. அன்றைக்கும் சரி, அதற்கு மறுநாளும் சரி. அந்த ஓகே போக, பதினொரு மாதமும் நான் அந்த ஃபைலில் எழுதினது அது ஒன்றுதான். பிறகு புரட்டாசியில் ஒரு நாள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மூன்று நாள் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. முதல் நாள் சமாளித்தோம். இரண்டாம் நாள் முறைத்தோம். மூன்றாம் நாள் வாசலில் லாரித் தண்ணீர் வந்து நிற்கிறது, அவள் இரண்டு குடத்தோடு நடையில் நின்று, "மோட்டார் ஓடாது, வந்து குடத்தைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். கரண்ட் வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஃபைலை யாரும் திறக்கவில்லை. நானும் அவளும் அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. அவன் கடையை மூடித் திருப்பூர் போய்விட்டான். செண்பகம் போன அன்று வந்தான், தெருவிலேயே நின்றான், வீட்டுப் படி ஏறவில்லை.

யாரும் திறக்கவில்லை என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அவள் திறந்திருக்கிறாள். வாயால் சொல்ல முடியாததை அங்கேதான் எழுதுவாள். வாயால் சொல்ல முடியாதது என்ன இருக்கிறது? ஒன்றுதான் இருக்கிறது. மங்கைக்குப் போன் போட்டேன், ஓசூரில் இருக்கிறாள், இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பியதே அவள்தான். "எழுத்து வரலை" என்றேன். "ஃபாண்ட் இல்லப்பா. பழைய காலத்து எழுத்துரு. அதை மாத்திக் குடுக்க வெப்சைட் இருக்கு, ஒரு பக்கம் அனுப்புங்க, நான் போட்டுப் பாக்கறேன்." முதல் பக்கத்தை அனுப்பினேன். கடைசிப் பக்கத்தை அனுப்பவில்லை. அதை அவள் எனக்கு முன்னால் படிக்கக் கூடாது. அரை மணி கழித்துக் கூப்பிட்டாள். "மூணு வெப்சைட்ல போட்டேன். தமிழ் எழுத்து வருது, ஆனா உளறலா வருது. 'ஙளபூ நெடி'ன்னு வருது. அப்படி என்னப்பா ஃபைல் அது?" "வீட்டுச் சங்கதி." "பழைய கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் இருக்குமே, அதை எடுக்கலாம்." "அதைக் குடுத்தாச்சு." "குடுத்தா என்ன, அந்தக் கடைல போய்க் கேளுங்க." எங்கே போய்க் கேட்பது? சனிக்கிழமை பழைய கம்ப்யூட்டரை எடுக்க வந்தவனிடம், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எடுத்துப் போ என்றேன். "நாங்க உடைக்கத்தான் சார் போறோம், எதுக்குத் துடைக்கணும்?" என்றான். "துடைன்னா துடை" என்றேன். துடைத்தான். "இன்னொரு தடவை துடை" என்றேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பச்சைக் கோடு நூறு சதவீதம் ஓடுகிற வரை, இரண்டு தடவையும் பார்த்தேன். பறிமுதல் செய்த கள்ளப் படிக்கல்லை உடைக்கும்போது நின்று பார்ப்பேனே, அதே மாதிரி.

பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டேன். செண்பகத்துக்குப் பக்கத்து சீட்டில் டைப் அடித்தவள், இப்போது வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்கிறாள். "சார்! நல்லாருக்கீகளா? சாப்பிட்டாச்சா?" "மணி பன்னெண்டு கூட ஆகலை. உங்க பிரஸ் ஃபாண்ட் ஒண்ணு இருந்ததே, அது உன்கிட்ட இருக்கா?" "அதுவா? ஐயோ, அது எங்க முதலாளி செய்யச் சொன்ன ஃபாண்ட்டுல்ல சார். அடுத்த பிரஸ்காரன் நம்ம ஃபைலைத் தூக்கிட்டுப் போனாலும் தொறக்கக் கூடாதுன்னு எழுத்தையெல்லாம் இடம் மாத்திப் போட்டு வச்சிருந்தாரு. அவர் மட்டும் வெவரம், மத்தவனெல்லாம் கூமுட்டைன்னு நெனப்பு. பிரஸ்ஸை மூடினப்ப எல்லாம் போச்சு. எதுக்கு சார் இப்ப?" சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, பழைய ஃபைல் ஒன்று என்றேன். "அக்கா அடிச்ச ஃபைலா? அப்பக் கவலைய விடுங்க. அக்கா ஃபாண்ட்டை அதே ஃபோல்டர்ல போட்டுத்தான் வைப்பாக. ஃபைலைக் குடுத்தா ஃபாண்ட்டையும் சேர்த்துக் குடுக்கணும், அது எங்க தொழில்ல பழக்கம். புதுப் புள்ளைக எவளாவது மறந்தா, 'பொண்ணை அனுப்பிட்டு நாக்கை எடுத்து வச்சுக்கிட்டியா'ன்னு அக்கா கேக்கும். ஃபோல்டர்ல சின்னச் சின்னதா ரெண்டு மூணு ஃபைல் இருக்கும் பாருங்க." இருந்தது. பார்த்தேன். மூன்று ஃபைல், புரியாத பேர், ஒன்றுமே திறக்கவில்லை. குப்பை என்று பழைய கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டேன். தேவையில்லாததைச் சுமந்து வரக் கூடாது என்பது என் ஒழுங்கு. "சார்? லைன்ல இருக்கீகளா? எடுக்கலையா?" என்றாள் முத்துப்பேச்சி. "எடுக்கலை." "அதுல ஒண்ணும் அடிச்சு சேவ் பண்ணிராதீக சார், அப்படியே இருக்கட்டும்" என்றாள், வியாதிக்காரனிடம் பேசுகிற குரலில். போனை வைத்தேன்.

நாக்கை நான்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பச்சைக் கோடு நூறு சதவீதம். இரண்டு தடவை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். ஒரு விதத்தில் நல்லதுதான் என்று தோன்றியது, அதையும் ஒளிக்கப் போவதில்லை. படிக்க முடியாது, முடிந்தது, இனி நான் என்ன செய்வேன். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? எங்கண்ணனை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைத்தீர்கள். அவன் பிழைப்பைக் கெடுத்தீர்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை, குடம் பிடித்ததால் மன்னித்தேன் என்று நினைக்க வேண்டாம். அவள் எழுதினால் 'நினைக்க வேண்டாம்' என்றுதான் எழுதுவாள். நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பொம்பளை, ராத்திரிக்கு உப்புமா கிண்டி வைத்துவிட்டு, தூசி படிந்த ஃபைலைத் திறந்து வேறு எதை எழுதுவாள்? சாம்பார் இருக்கிறது என்றா? அழித்துவிடலாம். ஒரு பட்டன். இப்போதே அழித்தால் அது என்ன என்று யாருக்கும் தெரியாது, எனக்கும். ஆனால் கேட்டாளே. கம்ப்யூட்டரைத் தொறந்தீங்களா என்று கேட்டாளே. திட்டி எழுதியிருந்தால் படித்தீர்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாளா? கேட்பாள். அவள் கேட்பாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். எடுக்காமல் இருந்ததால்தான் பட்டது. டி, எம், கியூ. ஒரு நீள வரி, அதற்குக் கீழே டி, எம், கியூ. இரண்டு நீள வரி, கீழே டி, எம், கியூ. உருட்டிக்கொண்டே போனேன், பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் அடியில் தனியாக, குட்டையாக, அதே மூன்று. இது யார், இப்படி மாடு மாதிரி ஒரே குரலில் பதில் சொல்கிறவன் என்று எரிச்சல் வந்தது. அப்புறம் தெரிந்தது. அது நான். அது என் சரி. ச ஒன்று, ர ஒன்று, கொக்கி ஒன்று. நாற்பத்தோரு பக்கமும் இறங்கிக் கடைசிப் பக்கம் வந்தேன். கடைசியில் பன்னிரண்டு பதின்மூன்று நீள வரி. அதற்குக் கீழே டி, எம், கியூ இல்லை. வெறும் வெள்ளை.

டி என்றால் ச. அப்படியானால் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு தமிழ் எழுத்து உண்டு. முதலாளி இடம் மாற்றினாலும் உண்டு. எது எதற்கு எது என்று எழுதி ஒட்டின ஒரு பொருள் இந்த வீட்டில் இருந்தது. சனிக்கிழமை வந்தவன் கீபோர்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஸ்டிக்கர் ஒட்டினது, வேணாம் சார்" என்று திருப்பிக் கொடுத்தான். நான் அதை எங்கே வைத்தேன்? பழைய பேப்பர் கட்டோடு வைத்தேன். பேப்பர்காரர் திங்கள்கிழமை வருவார். இன்று திங்கள். ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், முட்டி ஓட விடாது, ஆனால் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. பேப்பர் கட்டு இல்லை. காலையில் நான் குளிக்கும்போது வேலைக்காரம்மா தங்கப்பழம் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டேன், நாலு வீடு தள்ளிப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள். "பேப்பரைக் குடுத்தியா?" "நீங்கதான அய்யா குடுக்கச் சொன்னீக." "அதோட ஒரு கீபோர்டு." "அந்த டைப் அடிக்கிற பலகையா? அதைக் குடுக்கலைய்யா. அம்மா ஒட்டின எழுத்துல்ல அது. மொட்டை மாடில கிளிப் டப்பா மூடி காத்துல பறக்குதுன்னு அது மேல பாரமா வச்சிருக்கேன்." மொட்டை மாடியில், கிளிப் டப்பாவுக்கு மேல், வெயிலில் கிடந்தது. "ஏன், வேணுமாய்யா?" என்றாள். "வேணும்" என்றேன். என் குரலைக் கேட்டு ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேசையில் வைத்து மஞ்சள் துணியால் துடைத்தேன். மெதுவாகத் துடைத்தேன், ஸ்டிக்கர் உரிந்துவிடும். எல்லா எழுத்தும் இருந்தது. மூன்று மட்டும் இல்லை. டி, எம், கியூ மூன்றிலும் ஸ்டிக்கர் தேய்ந்து வெள்ளையாக இருந்தது, பொட்டு வைத்து அழித்த நெற்றி மாதிரி. அந்த மூன்றும் எனக்குத் தெரியும், பரவாயில்லை. வேறு எதையாவது பதில் எழுதியிருந்தால் வேறு எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கும். அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தி, பென்சிலை எடுத்தேன். திரையில் ஒரு எழுத்து, கீபோர்டில் அதைத் தேடு, ஸ்டிக்கரைப் படி, தாளில் எழுது. கு, டு, மு மாதிரி எழுத்துகளுக்கு ஸ்டிக்கர் கிடையாது, இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். முதல் இரண்டு சொல்லுக்குக் கால் மணி ஆனது. நாளைக்கு மதுரை. அடுத்த சொல்லில் அ வந்தது, பிறகு ண, புள்ளி, ண, ன, புள்ளி. அண்ணன். பென்சிலை வைத்துவிட்டேன். வந்துவிட்டதா. நினைத்தேனே. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன், ஊறுகாய் எடுக்க மறந்து சாப்பிட்டேன், தட்டைக் கழுவினேன், கழுவின தட்டை மறுபடி கழுவினேன். தெருவில் யாரோ பட்டாசு சாம்பிள் வெடித்துப் பார்க்கிறார்கள், ஒன்று, இடைவெளி, ஒன்று. கேஸ் எழுதின கை. கோணலாகப் போன எழுத்து. அவன் என் மணிக்கட்டைப் பிடித்தது இன்னும் தெரிகிறது, வியர்த்த கை. குற்றவாளி ஓடிப்போகலாம், ஆய்வாளன் ஓடக் கூடாது. இப்படி ஒரு வீர வசனம் மனதில் ஓடியது, எனக்கே சிரிப்பு வந்தது. வந்து உட்கார்ந்தேன். அண்ணன், தட்டுக்கு, அடியில். புளி. அவ்வளவும் தெரிந்த கதை, மேலே போ. ஒட்டுவது, எனக்கு. எனக்கு என்ன? எனக்கு அவமானம், எனக்கு வேதனை, எனக்கு என்ன சொல் சீக்கிரம். உ, ங, புள்ளி. உங்களுக்கு. எனக்கு உங்களுக்கு. இது எங்கே போகிறது? ஒ, ரு. ஒரு வருஷம். முன்னாலேயே. தெரியும்.

திரும்பப் படித்தேன். அண்ணன் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவது எனக்கு உங்களுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே தெரியும். ஒரு எழுத்தைத் தப்பாக எடுத்துவிட்டேனா என்று மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை, கை வேலை செய்தது, நாலரை மணி வரை செய்தது, தாளில் என் கோணல் எழுத்தில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் கடையில் வாங்கின துவரம்பருப்பு குறைவாகத் தெரிந்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்கும்போது உங்கள் பெட்டியைத் திறந்து, அதில் இருக்கிற சின்னத் தராசில் உங்கள் படிக்கல்லைப் போட்டு நிறுத்துப் பார்த்தேன். பாவம், செல்லையா எனக்காகத் திட்டு வாங்கினான். இங்கே எனக்குப் பென்சில் நின்றது. செல்லையா என் அலுவலக பியூன். சோதனைப் படிக்கல் பெட்டியை யாரையும் தொட விட மாட்டேன், பித்தளைக் கல், ஒவ்வொன்றுக்கும் வெல்வெட்டுக் குழி. இருநூறு கிராம் கல் இரண்டு இருக்கும், ஒன்றில் புள்ளி, புள்ளிக் கல் இடது பக்கம். ஒரு திங்கட்கிழமை அது வலது பக்கம் இருந்தது. செல்லையாவை ஒரு வாரம் பெட்டி தூக்க விடவில்லை. "நான் தொடலை சார், எம் பிள்ளை மேல சத்தியம்" என்றான். பொய் சொல்கிறான் என்று வீட்டுக்கு வந்து செண்பகத்திடமே சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "விடுங்க, ஒரு கல்லுதான" என்றாள். பென்சிலை மறுபடி எடுத்தேன். அண்ணனிடம் போய், தட்டைத் திருப்பிக் காட்டி, எடுத்துவிடு என்றேன். எடுக்கிறேன் என்றான். எடுத்துவிட்டான் என்றே நம்பினேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கேஸ் எழுதுவீர்கள். நீங்கள் எழுதினதில் தப்பில்லை. ஒரு வருஷம் ஊரே குறைவாக வாங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு முகம் இல்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. படித்ததும் பதில் எழுதவும்.

பதில் எழுதவும். அதற்குக் கீழே வெள்ளை, இரண்டு வருட வெள்ளை. காரில் பதிலுக்குத்தான் கேட்டிருக்கிறாள். திருமங்கலத்திலிருந்து மதுரை வரை அரை மணி இருந்தது. நான் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மாதம் ஒரு வீட்டுக்குள் நான் நியாயக்காரனாக நடமாடினேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு, செருப்புச் சத்தத்தோடு, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததையெல்லாம் எனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு. அவள் திரும்பிப் படுத்தது என்னிடமிருந்து முகத்தை மறைக்க. ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்ல என்று அவளைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவள் கேட்டதே அதுதான் என்று உடனே ஞாபகம் வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன், சிரித்தது சரியாக வரவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிறகு பழைய கீபோர்டைப் புதுக் கம்ப்யூட்டரில் சொருகப் பார்த்தேன். அதன் முனை உருண்டை, இதில் உருண்டை ஓட்டை இல்லை. விட்டேன். ஃபைலில் எழுதி வைத்தால் தேதி இன்றைக்கு மாறிவிடும், ஆகவே இன்னொரு பிரதி எடுத்தேன். அவளுடைய புதன்கிழமையைத் தொடவில்லை. பிரதியின் கடைசியில் வந்து நின்றேன். விரல் தானாக டி-க்குப் போனது, எம், கியூ. அடித்துவிட்டேன். சரி. பார்த்தேன். அது போதாது. பதினொரு மாதமும் அது போதவில்லை. பழைய கீபோர்டைப் பக்கத்தில் வைத்து ஸ்டிக்கரைப் பார்த்து, புதியதில் அதே இடத்தைத் தேடி, ஒரு விரலால், இதுவரை தொடாத பட்டன்களில், ஒரு வரி அடித்தேன். திரையில் அது யாருக்கும் புரியாத எழுத்தாகத்தான் வந்தது. அவளுக்குப் புரியும். 'பருப்பு எவ்வளவு குறைந்தது?' அந்த ஃபைலில் நான் கேட்ட முதல் கேள்வி அது. சேவ் பண்ணிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மங்கை. "அப்பா, ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன், அந்த ஃபாண்ட்டை எப்படியாவது..." "வேண்டாம். வந்துடுச்சு." "வந்துடுச்சா? எழுத்து தெரியுதா?" "தெரியுது." "காலைல வரலைன்னீங்க? முத்துப்பேச்சி அத்தை அனுப்புனாங்களா?" "இல்லை." "பின்ன யாருப்பா சரி பண்ணது?" எதிரில் கீபோர்டு கிடந்தது, ஒவ்வொரு பட்டனிலும் கத்தரியால் வெட்டின ஓரத்தோடு. "உங்கம்மா" என்றேன். நான் வாயில் எடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாத பேர், முழுசாகச் சொன்னேன். "செண்பகவல்லி."